மெல்லியக்கச் சிகிச்சைகள்

நாட்பட்ட வலியாலும், போர், விபத்து, வன்முறை, இயற்கைப் பேரிடர் முதலியவை உள்ளத்தில் விட்டுச் சென்ற மனவடுவாலும் அவதியுறுவோரை, மெதுவான அங்க அசைவுகளாலும், சுவாசத்தின்மேல் செலுத்தும் கவனத்தாலும், கையின் இலேசான ஸ்பரிசத்தாலும் தேற்ற முயலும் பயிற்சிமுறைகள் பலவற்றுக்கும் பொதுப்பெயராக மெல்லியக்கச் சிகிச்சை என்பதைக் கொள்ளலாம். மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்பது மருத்துவர் வழக்கு. காயம் ஆறிய பின்னும் வலி மட்டும் ஆறாதிருப்பது அதிலே பெரும்பாலும் காணப்படும் இலட்சணம். இம்முறைகளுள் சில, தம்மைச் சிகிச்சை என்று சொல்லிக்கொள்ளவும் விரும்புவதில்லை. கற்பிப்பவர் ஆசிரியர், வருபவர் மாணாக்கர், நடப்பது பாடம் என்பதே அவற்றின் சம்பிரதாயம். பிறர் கையில் ஒப்படைக்கப்படும் பொருளாக உடலைக் கருதாமல், உடையவரே அறிந்து திருத்திக்கொள்ளத்தக்க ஒன்றாகக் கருதும் கொள்கை அந்தச் சம்பிரதாயத்தின் அடியில் இருக்கிறது. இவ்வரலாறு முழுவதும் அந்தக் கொள்கையின் வரலாறே என்று சொல்வதும் பொருந்தும். சித்த மருத்துவத்தின் தொக்கணமும் வர்மமும், சீனத்தின் தை சியும் தனித்தனி நெடுவரலாறு உடையவையாதலால், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மேனாட்டார் நடுவே தோன்றி உலகெங்கும் பரவிய மரபே இங்கு முக்கியமாகக் கூறப்படுகிறது.

இம்மரபு தோன்றிய காலத்தில் ஐரோப்பாவில் தேகப் பயிற்சி என்றால் கட்டளைக்கு அடங்கிய அசைவு என்றே பொருள். சுவீடன் தேசத்தில் பேர் ஹென்ரிக் லிங் என்பவர் 1813-ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோமில் நிறுவிய அரசாங்க உடற்பயிற்சிக் கழகம், நோய் தீர்க்கும் அசைவுகளையும் வகுத்துத் தந்தது உண்மையே. ஆயினும் பள்ளிக்கூடங்களிலும் படைமுகாம்களிலும் பரவியது, வரிசையில் நின்று ஒரே சமயத்தில் கையைத் தூக்கி இறக்கும் கவாத்துதான். அதற்கு மாறான இன்னொரு நீரோட்டம் நாடக மேடையிலிருந்து வந்தது. பாரிஸ் நகரத்தில் பிரான்ஸுவா டெல்ஸார்ட் என்னும் பாடகர், அபிநயமும் குரலும் உள்ளத்தின் நிலையோடு எவ்வாறு இணைந்திருக்கின்றன என்பதை ஆராய்ந்து கற்பித்தார். அவருடைய போதனையை அமெரிக்காவில் ஜெனிவீவ் ஸ்டெபின்ஸ் என்ற அம்மையார் தளர்வு, சுவாசம், நிதான அசைவு ஆகியவற்றோடு சேர்த்துப் பெண்களுக்குப் பயிற்றுவித்தார். அவரிடம் கற்றுத் திரும்பிய ஹெட்விக் கால்மையர் அதை ஜெர்மனிக்குக் கொண்டுபோனார். கால்மையரின் மாணவியருள் ஒருவரே எல்ஸா கிண்ட்லர்.

இத்துறையின் வரலாற்றை எழுதுவோர் பலரும் நூல்கள் எழுதிப் புகழ் பெற்ற ஆடவர்களிடமிருந்தே தொடங்குகின்றனர். 1885-ஆம் ஆண்டில் பெர்லினில் எளிய குடும்பத்தில் பிறந்து, ஒரேயொரு சிறு கட்டுரை தவிர அச்சில் ஏறக்குறைய ஒன்றுமே விட்டுச் செல்லாத கிண்ட்லருக்குரிய இடத்தை அவருக்கு அளிப்பதே நியாயம் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. இளமையில் அவரைக் காசநோய் பற்றியது. மலைநாட்டுச் சுகவாசஸ்தலத்துக்குப் போகுமாறு வைத்தியர் சொன்னபோது அதற்குரிய பொருள்வசதி அவரிடம் இல்லை. நோயுற்ற நுரையீரலுக்கு ஓய்வளித்து, நலமான பக்கத்தால் மட்டும் சுவாசிக்க முடியுமா என்று நாள்தோறும் உன்னிப்பாகக் கவனித்துப் பழகி அவர் தேறினார் என்பது அவருடைய மாணவியர் வழியாக வந்த செய்தி. எவ்வளவு தூரம் அந்தச் சுவாசப் பழக்கமே அவரைக் குணப்படுத்தியது என்பதை இன்று நிர்ணயிக்க இயலாது. அவர் அந்த அநுபவத்திலிருந்து எடுத்துக்கொண்ட படிப்பினையோ தெளிவானது: உடலை ஏவுவதற்கு முன் அதைக் கேட்க வேண்டும்.

1926-ஆம் ஆண்டில் ஜெர்மானிய உடற்பயிற்சிச் சஞ்சிகை ஒன்றில், தொழில் செய்து பிழைக்கும் மக்களுக்குரிய பயிற்சியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இது. அலுவலகத்திலும் ஆலையிலும் உழைப்பவர் மாலையில் வந்து புதிதாகச் சில அசைவுகளை மனப்பாடம் செய்வதால் பயன் சிறிதே. மூச்சை எங்கே பிடித்து வைத்திருக்கிறோம், தோளை எதற்காகத் தூக்கிக்கொண்டிருக்கிறோம், நிற்கும்போது தரை நம்மைத் தாங்குவதை உணர்கிறோமா என்று கண்டறிவதே பயிற்சி. ஆகையால் அவருடைய வகுப்பில் மாதிரி காட்டும் வழக்கம் இல்லை. ஒருவர் செய்வதைப் பார்த்து மற்றவர் செய்வதும் இல்லை. நாற்காலியில் அமர்தல், எழுதல், ஒரு கல்லைக் கையில் ஏந்துதல் போன்ற அன்றாடக் காரியங்களே ஆராய்ச்சிப் பொருளாயின. இசை ஆசிரியரான ஹைன்ரிக் யாக்கோபி 1920-களின் நடுவிலிருந்து அவரோடு சேர்ந்து உழைத்தார்; யாக்கோபி யூதராதலால் ஹிட்லரின் ஆட்சி வந்ததும் ஸ்விட்ஸர்லாந்துக்குப் போக நேர்ந்தது. கிண்ட்லர் பெர்லினிலேயே தங்கித் தம் பயிற்சிக்கூடத்தைத் தொடர்ந்து நடத்தி, துன்புறுத்தப்பட்ட யூதர்களுக்கு இரகசியமாக உதவி வந்தார். 1945-ஆம் ஆண்டில் யுத்தத்தின் கடைசி நாட்களில் அந்தக் கட்டடம் அழிந்தபோது அவருடைய குறிப்புகளும் புகைப்படங்களும் உடன் அழிந்தன. 1961-இல் அவர் காலமானார்.

அவருடைய போதனை மாணவியர் வழியாகவே உலகுக்குக் கிடைத்தது. அவர்களுள் பலர் அகதிகளாக நாடு விட்டு நாடு போனவர்கள் என்பது இங்கே நினைவிற் கொள்ளத்தக்கது. ஷார்லட் ஸெல்வர் 1938-இல் அமெரிக்காவுக்குச் சென்று, 102 வயதில் மறையும் வரையில் அதைப் பயிற்றுவித்தார். வைத்தியப் பட்டம் பெற்ற லிலி எரன்பிரீட் 1933-இல் பிரான்ஸுக்குத் தப்பிச் சென்று அங்கே அதை வேரூன்றச் செய்தார். கிண்ட்லரிடம் பயின்ற லூஸி ஹையர் மியூனிக் நகரத்தில், மனோவியல் சிகிச்சைக்கு வருவோருக்குத் தைலம் தேய்த்தலும் சுவாசப் பயிற்சியும் அளித்து வந்தார்; அவரிடம் கற்ற நியூரம்பெர்க் நகரத்து யூதப் பெண்ணான மரியன் ரோஸன், சுவீடன் வழியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்து, கலிபோர்னியாவில் இயன்முறைச் சிகிச்சையாளராகப் பல்லாண்டு உழைத்தபின், தம் பெயராலேயே ஒரு முறையை வகுத்தார். இறுகிய தசையின்மேல் கையை அழுத்தாமல் வைத்து, அத்தசை எப்போது எதன் பொருட்டு இறுகியதோ அதை நோயாளி தாமாகவே பேச வரும் வரையில் பொறுத்திருத்தல் அம்முறையின் உயிர்நாடி.

இதே காலத்தில், பெர்லினோடு எவ்விதத் தொடர்புமின்றி, பூமியின் மறுகோடியில் இன்னொருவர் ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்திருந்தார். டாஸ்மேனியாத் தீவில் 1869-ஆம் ஆண்டில் பிறந்த பிரெடெரிக் மத்தியாஸ் அலெக்ஸாண்டர், மேடையில் நாடகப் பகுதிகளை ஒப்பிக்கும் கலைஞர். மேடை ஏறினால் குரல் கம்மிப்போகும், ஓய்வெடுத்தால் திரும்பும், மறுபடி ஏறினால் மறுபடி போகும். வைத்தியர்களால் காரணம் சொல்ல முடியாமற் போகவே, கண்ணாடிகளின் முன் நின்று தாம் பேசும் விதத்தையே நெடுநாள் நோக்கினார். வாயைத் திறக்கும் கணத்திலேயே தலையைப் பின்னுக்கு இழுத்து, குரல்வளையை அமுக்கி, சத்தத்துடன் மூச்சை உறிஞ்சுவது தம் வழக்கம் என்று கண்டார். அதை நிறுத்த முயன்றபோது, நிறுத்திவிட்டதாக உணர்ந்த சமயத்திலும் கண்ணாடி அவர் அதையே செய்வதாகக் காட்டியது. இந்த இடம்தான் அவருடைய கண்டுபிடிப்பின் மையம். நெடுநாள் வழக்கம் புலனுணர்வையே கெடுத்துவிடுகிறது. கோணல் நேராகவும் நேர் கோணலாகவும் தோன்றுகிறது. ஆதலால் சரியானதைச் செய்ய அவசரப்படுவதைவிட, பழைய எதிர்வினை எழும் கணத்தில் அதற்கு இடங்கொடாமல் ஒரு நிமிஷம் தாமதித்தலே முதல் சாதனை.

1904-இல் இலண்டனுக்கு வந்த அலெக்ஸாண்டரிடம் நடிகர்களும் எழுத்தாளர்களும் திரண்டு வந்தனர். அமெரிக்கத் தத்துவஞானி ஜான் டூயி அவரிடம் பாடம் கேட்டு, அவருடைய நூல்களுக்கு முன்னுரையும் எழுதினார். ஆல்டஸ் ஹக்ஸ்லியும் அவர் மாணாக்கரே. 1931-இல் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் வகுப்பு தொடங்கியது. தென்னாப்பிரிக்காவில் அவரைப் போலியென்று அரசாங்கச் சஞ்சிகை ஒன்று எழுத, அவர் தொடுத்த மானநஷ்ட வழக்கில் 1948-இல் அவர் பக்கமே தீர்ப்பாயிற்று. 1955-இல் அவர் இறந்தார். 1973-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்ற விலங்கியல் அறிஞர் நிக்கோ டின்பெர்கன், பரிசேற்புச் சொற்பொழிவின் ஒரு பகுதியை இந்த முறைக்கு ஒதுக்கியது விஞ்ஞானிகள் பலருக்கு வியப்பையும் சிலருக்குச் சினத்தையும் விளைத்தது.

இரு நீரோட்டங்களையும் அறிந்து, அவற்றோடு பௌதிக சாஸ்திரத்தின் ஒழுங்கையும் சேர்த்தவர் மோஷே பெல்டன்கிரைஸ். இன்றைய உக்ரைனிலுள்ள ஸ்லாவுத்தா என்ற ஊரில் 1904-இல் பிறந்த அவர், பதினான்கு வயதில் வீட்டை விட்டுப் பாலஸ்தீனத்துக்குப் புறப்பட்டு, அங்கே கட்டட வேலையில் கூலியாளாக இருந்து, பின்பு கணிதம் கற்பித்து, பாரிஸ் சென்று இன்ஜினியர் பட்டம் பெற்று, பிரெடெரிக் ஜோலியோ-கியூரியின் ஆராய்ச்சிச் சாலையில் பணியாற்றினார். ஜூடோ வித்தையைத் தோற்றுவித்த ஜிகோரோ கானோவை 1933-இல் பாரிஸில் சந்தித்தது அவர் வாழ்வில் ஒரு திருப்பம். பிரான்ஸில் அவ்வித்தை பரவ அவரும் ஒரு காரணர். 1940-இல் ஜெர்மானியர் நெருங்கியபோது இங்கிலாந்துக்குத் தப்பி, யுத்தம் முடியும் வரையில் ஸ்காட்லாந்தில், நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்கும் கடற்படை ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார்.

1929-இல் கால்பந்து ஆடும்போது அவருடைய முழங்கால் சேதமுற்றது; யுத்தகாலத்தில் ஈரமான கப்பல் தளங்களில் நடமாடியதால் அது மீண்டும் கெட்டது. அறுவைச் சிகிச்சை பலிக்குமென்று உறுதி சொல்ல வைத்தியர்களால் இயலாமையால் அதை மறுத்துவிட்டு, தாம் எவ்வாறு நடக்கிறோம் என்பதையே அவர் ஆராயப் புகுந்தார். உடற்கூறு, நரம்பியல், குழந்தைகள் புரளவும் தவழவும் கற்கும் விதம் ஆகியவற்றை எல்லாம் பயின்று 1949-இல் தம் முதல் பெருநூலை வெளியிட்டார். அலெக்ஸாண்டரின் முறையை இலண்டனில் அறிந்தார். ஸ்விட்ஸர்லாந்தில் யாக்கோபியைச் சந்தித்துக் கற்றார். பெர்லினில் கிண்ட்லர் இட்ட வித்து இவ்வாறு அவரிடமும் வந்து சேர்ந்தது.

அவர் கையாண்ட அடிப்படைகளுள் தலையாயது, வேபர், பெக்னர் என்னும் ஜெர்மானிய அறிஞர்கள் 19-ஆம் நூற்றாண்டில் வகுத்த புலனறிவு விதி. நெல் மூட்டையைச் சுமந்து செல்பவன் தலையில் ஒரு கைப்பிடி நெல் கூடினாலும் அவனுக்குத் தெரியாது. வெறுங்கையில் அதே நெல்லை இட்டால் சில மணிகளின் எடையும் தெரியும். அதுபோல, முயற்சி மிகுந்தால் நுட்ப வேறுபாடு புலப்படாது. முயற்சியைக் குறைக்கக் குறைக்கவே எது எளிது, எது கடினம் என்பதை நரம்பு மண்டலம் பிரித்தறியும். வலியுள்ளவருக்குச் சிறிய அசைவைக் கொடுப்பது இரக்கத்தினால் மட்டுமே என்று கருதுவோர் இதைக் கவனிக்க வேண்டும். சிறிய அசைவில்தான் கற்றல் நிகழ்கிறது என்பது அவருடைய வாதம்.

ஒரு பாடத்தின் போக்கைச் சொன்னால் இது விளங்கும். மாணாக்கர் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களைத் தரையில் ஊன்றுகின்றனர். இடுப்பெலும்பின் கீழே ஒரு கடிகாரத்தின் முகம் இருப்பதாகவும், முதுகுப் பக்கம் பன்னிரண்டும் வால் எலும்புப் பக்கம் ஆறுமாகக் கொள்ளும்படியும் ஆசிரியர் சொல்கிறார். பன்னிரண்டிலிருந்து ஆறுக்கு இடுப்பை மெதுவாக உருட்டுதல். பிறகு மூன்றுக்கும் ஒன்பதுக்கும். பிறகு எண்ணெண்ணாகச் சுற்றிவருதல். எந்த எண்ணில் அசைவு தாவுகிறது, எங்கே மூச்சு நிற்கிறது, தாடை எப்போது இறுகுகிறது என்று கவனித்தல். இடையிடையே ஒன்றும் செய்யாமல் ஓய்ந்திருத்தல். முக்கால் மணி நேரத்தில் இதற்கு மேல் ஒன்றும் நடப்பதில்லை. ஆயினும் எழுந்து நிற்பவர்களுள் பலர், பல ஆண்டுகளாக ஒரே கட்டையாக இருந்த இடுப்பும் முதுகும் தனித்தனியே அசைவதை உணர்கின்றனர். டெல் அவீவ் நகரத்து அலெக்ஸாண்டர் யனாய் வீதியில் அவர் பல்லாண்டு நடத்திய இத்தகைய பாடங்களுள் 500-க்கு மேற்பட்டவை பதிவு செய்யப்பட்டிருக்கின்றன. வாய்ச்சொல்லால் குழுவுக்குக் கற்பிப்பது ஒரு வகை; மேசைமேல் படுத்திருக்கும் ஒருவருக்குக் கையின் வழியாகக் கற்பிப்பது இன்னொரு வகை.

இஸ்ரேலின் பிரதமர் டேவிட் பென்-குரியன் முதுகுவலியோடு அவரிடம் வந்து, எழுபது வயது கடந்தபின் கடற்கரையில் தலைகீழாக நின்ற புகைப்படம் உலகெங்கும் அவருடைய முறையை அறிமுகம் செய்தது. பெல்டன்கிரைஸ் முதலில் டெல் அவீவில் 13 பேருக்கும், 1975 முதல் ஸான் பிரான்ஸிஸ்கோவிலும், 1980 முதல் மாஸசூஸெட்ஸ் மாநிலத்து ஆம்ஹர்ஸ்ட்டில் 200-க்கு மேற்பட்டோருக்கும் ஆசிரியப் பயிற்சி அளித்தார். 1984-இல் காலமானார்.

ஏனையோரைச் சுருங்கக் கூறலாம். டென்மார்க்கில் குடியேறிய ஜெர்மானியப் பெண்மணி கெர்டா அலெக்ஸாண்டர் (முன்சொன்ன அலெக்ஸாண்டருக்கு இவர் உறவினர் அல்லர்) தசைகளின் சமநிலையை நாடும் முறை ஒன்றை வகுத்தார். மில்டன் டிரேகர் என்ற அமெரிக்க வைத்தியர், அங்கங்களைத் தாலாட்டுவதுபோல் அசைத்துத் தளர்த்தும் முறையைக் கண்டார். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1920-இல் உயிர்வேதியியல் டாக்டர் பட்டம் பெற்ற ஐடா ரால்ஃபின் முறை பிரசித்தமானது என்றாலும், அழுத்தமும் நோவும் மிகுந்த அதனை மெல்லியக்க வகையில் சேர்ப்பது எளிதன்று. 1962-இல் கலிபோர்னியாக் கடற்கரையில் நிறுவப்பட்ட எஸலன் கழகத்தில் ஸெல்வரும் ரால்ஃபும் பெல்டன்கிரைஸும் டிரேகரும் ஒவ்வொரு காலத்தில் வந்து கற்பித்தமையால், சிதறிக் கிடந்த கிளைகள் ஒரே மரத்தின் கிளைகளாகத் தோன்றலாயின. 1970-களில் தாமஸ் ஹானா என்ற தத்துவப் பேராசிரியர் அவற்றுக்கெல்லாம் ஸொமாட்டிக்ஸ் என்று பொதுப்பெயர் சூட்டினார்.

சென்னைக்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. மைசூர் அரண்மனை யோகசாலையில் இளைஞர்களுக்குக் கடுமையான ஆசனங்களைப் பயிற்றுவித்த திருமலை கிருஷ்ணமாசாரியார், 1950-களின் தொடக்கத்தில் சென்னையில் குடியேறியபின், நோயுற்று வந்தவர்களுக்கு அவரவர் வயது, பலம், பிணி ஆகியவற்றுக்கேற்ப, சுவாசத்தோடு இயைந்த மெதுவான அசைவுகளைத் தனித்தனியே வகுத்துக் கொடுத்தார். அவர் குமாரர் டி. கே. வி. தேசிகாச்சாரி 1976-இல் கிருஷ்ணமாசாரிய யோக மந்திரத்தை நிறுவி அந்நெறியை வெளிநாட்டாருக்கும் கற்பித்தார். அதன்வழி வந்த யோகமே, அமெரிக்காவின் ஸியாட்டில் நகரத்தில் நாட்பட்ட இடுப்புவலி உள்ள 101 பேரைக் கொண்டு நடத்தி 2005-இல் வெளியிடப்பட்ட சோதனையில் ஆராயப்பட்டது. 12 வாரப் பயிற்சி பெற்றவர்கள், வலியைப் பற்றிய கைநூல் மட்டும் பெற்றவர்களைவிட நன்கு இயங்கினர். 2011-இல் 228 பேரைக் கொண்டு மறுபடி சோதித்தபோது, யோகமும் சாதாரண நீட்டற் பயிற்சியும் ஏறக்குறைய ஒரே அளவில் பயன் தந்தன. யோகத்தின் பெருமையில் ஆர்வமுள்ளோர் முதற் சோதனையைச் சொல்லி இரண்டாவதை விட்டுவிடுவது முறையன்று.

இம்முறைகள் வலியை ஏன் தணிக்கக்கூடும் என்பதை மருத்துவ விஞ்ஞானம் பின்னரே ஆராயத் தொடங்கியது. அடிபட்ட இடத்திலிருந்து மூளைக்கு நேராக ஓடும் செய்தியே வலி என்ற பழைய எண்ணத்தை, ரொனால்ட் மெல்ஸாக்கும் பாட்ரிக் வாலும் 1965-இல் வெளியிட்ட கொள்கை மாற்றியது. முதுகுத் தண்டிலேயே அச்செய்தியைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல ஒரு வாயில் உண்டென்றும், தொடுகை முதலிய பிற உணர்ச்சிகளும் மூளையிலிருந்து இறங்கும் கட்டளைகளும் அதைத் திறக்கவும் மூடவும் கூடுமென்றும் அவர்கள் கூறினர். திசுவிலே காயமின்றியும் நரம்பு மண்டலத்தின் மிகையுணர்ச்சியால் வலி நீடிக்கும் என்பது இன்று ஏற்கப்பட்ட உண்மை. மென்மையான ஸ்பரிசத்துக்கென்றே தோலில் ஒருவகை மெல்லிய நரம்பிழைகள் இருப்பதும், விநாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் தடவும்போது அவை மிகுதியாகத் தூண்டப்படுவதும் கண்டறியப்பட்டிருக்கின்றன. அசைந்தால் நோகும் என்று அஞ்சி அசையாமலிருப்பவர், அசைந்தும் நோகாத அநுபவத்தைச் சிறிது சிறிதாகப் பெறும்போது அந்த அச்சம் தளர்கிறது; இப்பயிற்சிகளின் பயனில் ஒரு பெரும்பங்கு இதுவாகவே இருத்தல் கூடும்.

மனவடுவைச் சரீரத்தின் வழியே அணுகும் முயற்சி போர்க்களங்களிலிருந்து தொடங்குகிறது. முதல் உலகயுத்தத்தில், குண்டு வெடித்த அதிர்ச்சிக்குப் பின் நினைவும் பார்வையும் முகர்வும் சுவையும் குன்றிய சிப்பாய்களைப் பற்றிச் சார்ல்ஸ் மையர்ஸ் என்ற ஆங்கில வைத்தியர் 1915-இல் எழுதினார். காயமில்லாத உடலில் காயத்தின் குறிகள் தோன்றுவதை அதன்பின் மறுக்க முடியவில்லை. பிராய்டின் மாணாக்கர் வில்ஹெல்ம் ரைக், அடக்கப்பட்ட உணர்ச்சி தசையில் கவசம்போல் இறுகிவிடுகிறது என்று 1930-களில் வாதித்தார்; அவருடைய துணைவியான நடனக் கலைஞர் எல்ஸா லிண்டன்பெர்க் கிண்ட்லரிடம் பயின்றவர். 1942-இல் வாஷிங்டன் நகரத்து ஸெயின்ட் எலிஸபெத்ஸ் மனநோய் மருத்துவமனையில் மரியன் சேஸ் என்ற நடன ஆசிரியை, பேச இயலாத நோயாளிகளோடு அவர்களுடைய அசைவையே தாமும் மேற்கொண்டு பழகினார். யுத்தத்திலிருந்து திரும்பிய வீரர்களும் அவர்களுள் இருந்தனர். நடனச் சிகிச்சை என்னும் துறை அங்கிருந்து வளர்ந்தது.

வியட்நாம் யுத்தத்துக்குப் பின், 1980-இல், அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் மனவடுவுக்குப் பிந்திய நெருக்கீட்டு நோய் இடம் பெற்றது. இதை நினைவின் நோயாக மட்டும் கொள்ளாமல் சரீரத்தின் நோயாகவும் கொண்டவர்களுள் பீட்டர் லெவின், பாட் ஆக்டன், பெஸல் வான் டெர் கோல்க் ஆகியோர் முக்கியமானவர்கள். ஆபத்து நேர்ந்தபோது ஓடவோ எதிர்க்கவோ எழுந்த முயற்சி நிறைவேறாமல் உறைந்துவிடுகிறது என்பதும், நடந்ததை முழுவதும் ஒரே மூச்சில் நினைவூட்டாமல், நெஞ்சின் படபடப்பு, வயிற்றின் இறுக்கம் போன்ற உணர்ச்சிகளைச் சிறு சிறு அளவாகக் கவனிக்கச் செய்து தணிக்கலாம் என்பதும் லெவின் 1997-இல் வெளியிட்ட நூலின் கருத்து. இத்துறையினர் அடிக்கடி எடுத்துக்காட்டும், ஸ்டீபன் போர்ஜஸ் 1994-இல் முன்வைத்த, வேகஸ் நரம்பைப் பற்றிய கொள்கையை உடலியல் அறிஞர் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. விளக்கம் ஆட்டங்காண்பதால் பயன் பொய்யாகிவிடாது. ஆனால் ஆட்டங்காணும் விளக்கத்தை நிரூபணமான உண்மைபோல் நோயாளிகளுக்குப் போதிப்பது பிழை.

வான் டெர் கோல்க்கின் குழுவினர், டேவிட் எமர்சன் வகுத்த மனவடுவுக்குரிய யோகத்தை, வேறு சிகிச்சைகளால் தேறாத 64 பெண்களிடம் சோதித்து 2014-இல் முடிவை வெளியிட்டனர். பத்து வாரங்களின் இறுதியில் யோகம் பயின்ற 31 பேரில் 16 பேரும், ஆரோக்கியப் போதனை மட்டும் கேட்ட 29 பேரில் 6 பேரும் அந்நோயின் இலக்கணத்திலிருந்து நீங்கியிருந்தனர். அந்த யோகத்தின் நடைமுறையில் சில விசேஷங்கள் உண்டு. ஆசிரியர் மாணவியரைத் தொட்டுத் திருத்துவதில்லை. செய் என்று ஆணையிடாமல், விரும்பினால் கையைத் தூக்கலாம், தூக்காமலும் இருக்கலாம் என்றே சொல்கிறார். உடலின்மேல் பிறர் பலாத்காரம் செலுத்தியதாலேயே வடுப்பட்டவருக்கு, தன் உடலைப் பற்றிய சிறு தீர்மானத்தைத் தானே செய்யும் உரிமை திரும்பக் கிடைப்பதுதான் அங்கே மருந்து. கிண்ட்லர் மாதிரி காட்ட மறுத்ததும் இதே மரியாதையினால் என்று கொள்ளலாம்.

தமிழர் வாழும் நிலங்களிலும் இம்முயற்சிகள் நடந்திருக்கின்றன. 2004-ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின் தென்னிந்தியக் கடலோரத்தில் லெவினின் முறையில் 150 பேருக்கு 75 நிமிஷ நேரம் ஒருமுறை மட்டும் சிகிச்சை அளிக்கப்பட்டது. எட்டு மாதங்களுக்குப் பின் அவர்களுள் பத்தில் ஒன்பது பங்கினர் நலம் கூறினர். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாமையால், காலமும் சுற்றத்தாரின் ஆதரவும் செய்ததைச் சிகிச்சை செய்ததிலிருந்து பிரித்தெடுக்க இயலாது. ஈழத்தில், யுத்த காலத்திலும் யாழ்ப்பாணத்திலேயே பல்லாண்டு உழைத்த மனநோய் வைத்திய நிபுணர் தயா சோமசுந்தரம், பிராணாயாமம், சாந்தியாசனம், ஜபம், தசைத் தளர்வுப் பயிற்சி ஆகியவற்றை அம்மக்களின் வழிபாட்டு வழக்கங்களோடு பொருந்தப் பயன்படுத்தினார். அங்கே மனவடு தலைவலியாகவும் நெஞ்சுவலியாகவும் உடல் உளைவாகவுமே பெரும்பாலும் வைத்தியசாலைக்கு வந்தது. உடலின் மொழியில் வந்த முறைப்பாட்டுக்கு உடலின் மொழியிலேயே விடை சொன்னது விவேகம்.

இம்முறைகளுள் மிகச் சீரிய சோதனைக்கு உட்பட்டது அலெக்ஸாண்டர் முறை. இங்கிலாந்தில் நாட்பட்ட இடுப்புவலி உள்ள 579 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்தி, 2008-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் ஓராண்டுக்குப் பின்னும் நான்கு வாரத்தில் 21 நாள் வலியோடு இருந்தனர். 24 பாடங்கள் பெற்றவர்களுக்கு அது 18 நாள் குறைந்தது. ஆறு பாடங்கள் பெற்றவர்களுக்கு 10 நாளும், உடம்பு பிடித்துவிடப் பெற்றவர்களுக்கு 7 நாளும் குறைந்தன. கழுத்துவலி உள்ள 517 பேரைக் கொண்ட 2015-ஆம் ஆண்டு ஆராய்ச்சியும் அம்முறைக்குச் சாதகமாகவே முடிந்தது. பெல்டன்கிரைஸ் முறையின் நிலை அவ்வளவு உறுதியானதன்று: 2015-இல் 20 சோதனைகளைத் தொகுத்து நோக்கியவர்கள், முதியோரின் சமநிலையில் முன்னேற்றத்துக்கு அறிகுறி கண்டபோதிலும், சோதனைகள் பல குறைபாடுடையவை என்று எழுதினர். ஆஸ்திரேலிய அரசாங்கம் 2019-இல் இவ்விரு முறைகளையும் யோகத்தையும் சேர்த்து 16 வகைகளைத் தனியார் மருத்துவக் காப்பீட்டுச் சலுகையிலிருந்து நீக்கியது. அதன்பின் மறு ஆய்வும் மேற்கொள்ளப்பட்டது.

ஆபத்துகளையும் சொல்லவேண்டும். புற்றுநோய், எலும்பு முறிவு, தண்டுவட அழுத்தம் முதலியவற்றின் அறிகுறியான வலியை வைத்தியரிடம் காட்டாமல் பயிற்சியால் போக்க முயல்வது உயிருக்கே கேடாக முடியும். தசையிலே மறைந்திருக்கும் நினைவை வெளிக்கொணர்வதாகச் சொல்லி, நடவாததை நடந்ததாக நம்பச் செய்த சிகிச்சைகள் 1990-களில் அமெரிக்கக் குடும்பங்கள் பலவற்றைக் குலைத்தன. ஸ்பரிசத்தைத் தொழிலாகக் கொண்டவர் வரம்பு மீறினால், ஏற்கெனவே வடுப்பட்டவருக்கு இரண்டாவது வடு நேரும். தொடுமுன் அனுமதி கேட்பதும், மறுத்தால் நிறுத்துவதும் ஆகிய விதிகளை இத்துறையின் சங்கங்கள் வகுத்திருப்பது இதனாலேயே.

அலெக்ஸாண்டர் ஆசிரியராவதற்கு மூன்றாண்டுகளில் 1,600 மணி நேரப் பயிற்சி வேண்டும். ஆதலால் ஆசிரியர் சிலரே, கட்டணமும் அதிகம். சுமை தூக்குவோர், நாற்று நடுவோர், தையல் ஆலைகளில் நாள் முழுவதும் குனிந்திருப்போர் ஆகிய, முதுகுவலியால் மிகுதியாக வருந்தும் மக்களுக்கு இருபத்துநான்கு தனிப்பாடங்கள் எட்டாக்கனி. முன்சொன்ன 2008-ஆம் ஆண்டு ஆராய்ச்சியிலேயே இதற்கொரு வழி காணப்படுகிறது: ஆறே பாடங்களோடு, வைத்தியர் எழுதிக்கொடுத்து நர்ஸு ஊக்குவித்த நடைப்பயிற்சியையும் சேர்த்துக்கொண்டவர்கள், இருபத்துநான்கு பாடங்களால் விளைந்த பயனில் 72 சதவீதத்தைப் பெற்றனர். அரசாங்க மருத்துவமனைகளின் இயன்முறைப் பிரிவுகள் மேற்கொள்ளத்தக்க அளவு அது.